பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம்: குமரி மாவட்ட ஆட்சியருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

திருவட்டாறு பக்கத்தில் ஒரு சிற்றூரில் 19 வருடமாக டியூஷன் எடுத்து வருகிறேன். சாயங்காலம் ஐந்தரைக்கு வீட்டு வராந்தாவில் பாய் விரித்தால், நன்றாக இருட்டும் வரை பிள்ளைகளின் சத்தம்தான். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், அண்டி ஆபீஸுக்குப் போகிற பெண்கள், கேரளத்தில் கட்டட வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை ஊர் திரும்புகிறவர்கள், இவர்களுடைய பிள்ளைகள். முந்திரி ஆலையைத்தான் எங்கள் பக்கத்தில் அண்டி ஆபீஸ் என்கிறோம்.

வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று சின்ன வயதிலேயே சோதித்துப் பார்க்க நம் மாவட்டத்திலேயே ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அதை ஒரு தவறை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். என்னிடம் படிக்க வந்த சில பிள்ளைகளை நான் அடித்திருக்கிறேன். மர ஸ்கேலால், உள்ளங்கையில். அவர்கள் ஒரு குறும்பும் செய்யவில்லை. நேற்று சொல்லிக்கொடுத்த வரியை இன்று வாசிக்க முடியாமல் நின்றார்கள், அவ்வளவுதான். "இவனுக்கு மடி, வேற ஒண்ணும் இல்ல" என்று அவர்களுடைய அம்மாக்களிடம் சொல்லியிருக்கிறேன். மடி என்றால் சோம்பல். நான் சொன்னது எவ்வளவு பெரிய பிழை என்று என் சொந்த மகன் மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

வாயால் கேட்டால் அவன் எல்லாம் சொல்வான். பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் எந்தக் கால்வாய் வழியாக எந்த ஏலாவுக்கு, அதாவது வயலுக்கு, போகிறது என்று அவன் தாத்தா சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பிப்பான். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையை மனக்கணக்கிலேயே சரிபார்த்து வாங்குவான். ஆனால் எட்டாம் வகுப்பு படிக்கும்போது இரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்தைத் தடவித் தடவித்தான் வாசித்தான். மூன்று பள்ளிக்கூடம் மாற்றினோம். ஆங்கில வழியிலிருந்து தமிழ் வழிக்கு மாற்றினோம். ஒவ்வொரு ரேங்க் கார்டிலும் "கவனம் போதாது" என்று எழுதி அனுப்பினார்கள். ஊருக்கெல்லாம் டியூஷன் எடுக்கிற டீச்சரின் மகன் என்பதால், பேச்சு அவனுக்கு இரண்டு மடங்காகக் கிடைத்தது.

வேறொரு பிள்ளைக்காகக் கல்வித்துறையின் வட்டார வள மையத்திலிருந்து வந்த ஒரு சிறப்பாசிரியை தற்செயலாக அவன் நோட்டைப் பார்த்தார். இரண்டு பக்கம் புரட்டியதும், "டீச்சர், இவனை ஒரு தடவை சோதனைக்குக் கொண்டு போங்க. இது மடி இல்ல" என்றார். அப்போது அவனுக்கு வயது 13. அந்த அம்மா அன்று வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் ராத்திரியில் நினைத்துக்கொள்வேன்.

சோதனைக்கு எங்கே போவது? மாவட்டத்துக்குள் நான்கு இடத்தில் கேட்டேன். ஓரிடத்தில் கண்ணாடி போட்டால் சரியாகும் என்றார்கள். ஓரிடத்தில் சத்து மருந்து எழுதிக் கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில், "பத்தாங்கிளாஸ் வரட்டும், அப்பம் சர்டிபிகேட் வாங்கிக்கலாம்" என்றார்கள். கடைசியில் திருவனந்தபுரம் போனோம். நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் தேவாரக்கட்டு சரஸ்வதி அம்மன் குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாக எழுந்தருளும் அதே சாலையில்தான் பஸ்ஸில் போனோம். எந்தத் தெய்வத்தின் முன்னால் என் மகனின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைத்தேனோ அந்தத் தெய்வம் போகிற பாதை என்று எண்ணியபோது பஸ்ஸிலேயே கண் கலங்கிவிட்டது.

சோதனை என்றால் மூளையைப் படம் பிடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். பல பெற்றோர் இப்போதும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால் அங்கே நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் காதும் கண்ணும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு என்னையும் என் வீட்டுக்காரரையும் உட்கார வைத்து, பிரசவம் எப்படி இருந்தது, எப்போது பேச ஆரம்பித்தான், குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்பது கஷ்டமாக இருந்ததா என்று கேட்டார்கள். கடைசிக் கேள்வி வந்ததும் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் ஏழாம் வகுப்போடு நின்றவர். கல்யாணம் ஆனதிலிருந்து பேங்க் பாஸ்புக்கை நான்தான் வாசித்துச் சொல்கிறேன். அவருக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காமல் போயிற்று என்றே இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். அறிவு இருந்தும் வாசிக்கத் தடுமாற வைக்கிற டிஸ்லெக்சியா என்ற இந்தக் கற்றல் குறைபாடு பல குடும்பங்களில் பரம்பரையாக வருவது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பிறகு பையனை மட்டும் உள்ளே அழைத்துப் போனார்கள். கட்டைகளை வைத்து வடிவம் சேர்ப்பது, படத்தில் விட்டுப்போனதைச் சொல்வது, எண்களைக் கேட்டு முன்னும் பின்னுமாகத் திருப்பிச் சொல்வது என்று அறிவுத்திறன் சோதனை நடந்தது. மறுநாள் வாசிப்பு, எழுத்து, சொல்வதை எழுதுவது, கணக்கு, கவனம், ஞாபகம். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் இதற்கென்றே வயதுக்குத் தக்கபடி வகுத்திருக்கும் சோதனைத் தொகுப்பைத்தான் பயன்படுத்தினார்கள். இரண்டு நாள், மொத்தம் ஐந்து மணி நேரத்துக்கு மேல். முடிவில் அந்த உளவியலாளர் சொன்னது இது: அறிவுத்திறன் அவன் வயதுப் பிள்ளைகளின் சராசரிக்கு மேலே இருக்கிறது, வாசிப்பு மட்டும் ஐந்தாறு வருடம் பின்னால் இருக்கிறது. பேசும் சொல்லை அதன் ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வொரு ஒலியையும் அதற்குரிய எழுத்தோடு பொருத்துகிற வேலையில்தான் அவனுக்குத் தடங்கல். இதற்கு மாத்திரை கிடையாது. சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்றினால் முன்னேறுவான்.

என் மகன் வெளியே வந்து கேட்ட முதல் கேள்வி, "அப்பம் நான் மண்டன் இல்லியா அம்மா?" என்பது.

ஐயா, அம்மா, மதிப்பீடு என்பதன் முழுப் பயனும் அந்தக் கேள்வியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நம் மாவட்டத்தில் இதைத் தேர்வுச் சலுகைக்கான ஒரு சான்றிதழாக மட்டும் பார்க்கிறார்கள். பிள்ளைக்கு எந்த இடத்தில் முட்டுகிறது, எந்த இடத்தில் பலம் இருக்கிறது என்று சொல்லித் தருவதுதான் அதன் வேலை. அதை எட்டு வயதில் சொன்னால் பிள்ளையைக் கைதூக்கி விடலாம். 15 வயதில் சொன்னால் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுக்கலாம். அதற்குமேல் செய்ய அதிகம் இருக்காது.

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அதைக் கூடிய மட்டும் சீக்கிரமே கண்டறிந்து, ஏற்ற கற்பித்தல் முறையைக் கையாள வேண்டும் என்று 16ஆவது பிரிவு பள்ளிகளுக்குச் சொல்கிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடையே ஐந்து வருடத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு நடத்த வேண்டும் என்கிறது 17ஆவது பிரிவு. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறி இன்னும் நுணுக்கமாகப் பேசியது. மூன்றாம் வகுப்பில், அல்லது எட்டு வயதில், எது முந்தியோ அப்போது ஆசிரியரே முதற்கட்டமாகப் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, தலைமையாசிரியர் தலைமையில் இதற்கென ஒரு குழு இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அந்தக் குழுவே பெற்றோரிடம் பேசி, குழந்தை மருத்துவரிடமும், அவர் மூலமாக மருத்துவ உளவியலாளரிடமும் அனுப்ப வேண்டும் என்றது அந்த நெறி. என் மகன் படித்த மூன்று பள்ளிகளிலும் அப்படி ஒரு குழு இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. இருந்திருந்தால் ஐந்து வருடம் மிச்சமாகியிருக்கும். எட்டிலிருந்து 13 வரையிலான ஐந்து வருடம் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரியது!

நம் மாவட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது குமரி. எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் எல்லோரும் படித்த ஊரில் படிக்க வராத பிள்ளைக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. இங்கே பிள்ளை பிறந்த உடனேயே நர்சிங், இன்ஜினியரிங், வெளிநாடு என்று வீட்டில் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம். மூன்றாம் வகுப்பிலேயே டியூஷன். அங்கும் வாசிக்க வரவில்லை என்றால் இன்னொரு டியூஷன். எனக்குத் தெரிந்து ஒரு பிள்ளை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று என்று மூன்று இடத்துக்குப் போனான். மூன்று இடத்திலும் ஒரே முறையில், ஒரே சத்தத்தில், ஒரே அடியோடு சொல்லிக்கொடுத்தார்கள். ஒருமுறை பலிக்காத மருந்தை மூன்று வேளையும் கொடுப்பது போன்றது அது.

தமிழ் எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் பாதிதான். திருவனந்தபுரத்தில் என் மகனுக்கு வாசிக்கக் கொடுத்தவை எல்லாம் ஆங்கிலப் பத்திகள். தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்க அந்த மையத்தில் ஆளும் இல்லை, தாளும் இல்லை. ஆனால் தமிழில் அவன் தடுமாறும் இடங்கள் தனி. 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, அப்புறம் துணைக்கால். கண் முதலில் பார்ப்பது கொம்பை. நாக்கு முதலில் சொல்ல வேண்டியது க் என்ற ஒலியை. மூன்று உருவத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே ஒலியாக்க வேண்டும். நமக்குப் பழகிப்போனதால் இது தெரிவதில்லை. என் மகன் 'கொடி'யை 'கெடி' என்றும் 'கோவில்' என்பதைக் 'கேவில்' என்றும் வாசிப்பான். துணைக்கால் அவன் கண்ணில் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். புள்ளி வைக்க மறந்து 'பளளி' என்று எழுதுவான். ஒரே 'க' கடலில் ஒரு மாதிரியும் தங்கத்தில் ஒரு மாதிரியும் பகலில் வேறு மாதிரியும் ஒலிக்கும். அதற்குமேல் வீட்டில் பேசும் தமிழ் வேறு, புத்தகத்துத் தமிழ் வேறு. விளவங்கோடு பக்கத்தில் மலையாளமும் கலந்து பேசுகிற வீடுகள், நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை கடற்கரை ஊர்களின் தனிப் பேச்சு, பேச்சிப்பாறைக்கு மேலே காணிக் குடியிருப்புகளின் பேச்சு என்று இந்தச் சின்ன மாவட்டத்துக்குள்ளேயே எத்தனை வகை! ஆங்கிலத்துக்காகச் செய்த ஒரு சோதனையை வைத்து இந்தப் பிள்ளைகளை அளந்தால், இல்லாத குறையைச் சொல்லிவிடவும் கூடும், இருக்கிற குறையை விட்டுவிடவும் கூடும்.

தேரூரில் மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனம் இருக்கிறது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளின் நோட்டுகளைச் சேர்த்து, அவர்கள் தமிழில் எங்கே எப்படித் தவறுகிறார்கள் என்று பார்த்து, வகுப்பாசிரியர் 15 நிமிடத்தில் பயன்படுத்தும்படி ஒரு தமிழ் வாசிப்புத் தாளை அவர்களால் உருவாக்க முடியும். குறைபாட்டைக் கண்டுபிடித்துச் சொல்ல அது போதாது. யாரை உளவியலாளரிடம் அனுப்ப வேண்டும் என்று முடிவுசெய்யப் போதும்.

இன்னொரு வழி ஏற்கெனவே ஆசிரியர்கள் கையிலேயே இருக்கிறது. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அன்றாடம் பள்ளிக்கு வந்தும், ஆசிரியர் அக்கறையோடு சொல்லிக்கொடுத்தும், வருடம் முழுக்க அடிநிலையான அரும்பிலேயே நிற்கிற பிள்ளை யார் என்று அந்த ஆசிரியருக்குத் தெரியும். அந்தப் பெயர்களை மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒரு பட்டியலாக்கினால், யாரைத் தேடுவது என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். இப்போது அந்தப் பிள்ளைகளை 'மெல்லக் கற்போர்' என்று சொல்லி ஒரு மூலையில் உட்கார வைக்கிறோம். மெல்லக் கற்பதற்குப் பல காரணம் உண்டு. காது கேட்காமல் இருக்கலாம், வீட்டில் குடி இருக்கலாம், பசி இருக்கலாம், டிஸ்லெக்சியா இருக்கலாம். ஒரே பெயரைச் சூட்டிவிட்டால் காரணத்தைத் தேடும் வேலை அத்தோடு நின்றுபோகிறது.

வருடம் ஒரு முறை நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாம்களுக்கு நானும் பிள்ளைகளைக் கூட்டிப்போயிருக்கிறேன். கை கால் பாதிப்பு, காது, கண் ஆகியவற்றுக்கு அந்த முகாம் பெரிய உதவி. உபகரணமும் அடையாள அட்டையும் அங்கேயே ஏற்பாடாகிவிடும். ஆனால் கற்றல் குறைபாட்டை வரிசையில் நிற்க வைத்து ஐந்து நிமிடத்தில் பார்க்க முடியாது. கூட்டத்தில் மிரண்டுபோன பிள்ளை தெரிந்ததையும் சொல்லாது. இதற்கு மூடிய அறை வேண்டும், இரண்டு மூன்று அமர்வு வேண்டும், பிள்ளை பேசும் தமிழைப் புரிந்துகொள்கிற ஒருவர் வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இது. அகஸ்தீஸ்வரம் முதல் முஞ்சிறை, மேல்புறம் வரை நமக்கு ஒன்பது வட்டாரம். ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் (RCI) பதிவு பெற்ற உளவியலாளர் ஒருவர் உட்கார வேண்டும். நாள் முன்கூட்டியே தெரிய வேண்டும். பால் வெட்டப் போகிற தகப்பன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். மேற்கொண்டு பார்க்க வேண்டியவர்களை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாம். மாநிலம் தாண்டிப் போய் 6,000 ரூபாய் செலவழிக்க என்னால் முடிந்தது. என் வராந்தாவில் உட்காருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரின் வீட்டில் முடியாது.

அறிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களுக்குக் கிடைத்தது எட்டுப் பக்கம், முழுக்க ஆங்கிலம், பாதி எண்கள். அதைப் பள்ளியில் கொடுத்தேன். வாங்கி பைலில் வைத்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, அதைப் படித்து வகுப்பில் திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது என்று யாருக்குத் தெரியும்? அறிக்கையோடு தமிழில் ஒரு பக்கம் வேண்டும். இந்தப் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி எல்லார் முன்னாலும் நிறுத்தாதீர்கள். கரும்பலகையிலிருந்து எழுதி எடுக்க நேரம் கொடுங்கள். விடையை வாயால் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழைக்காக அறிவியலில் மார்க்கைக் குறைக்காதீர்கள். இப்படி நாலு வரி, அந்தந்தப் பிள்ளைக்குத் தக்கபடி இருந்தால் ஆசிரியர் கட்டாயம் செய்வார். செய்ய மனமிருக்கிற ஆசிரியர்கள் நம் மாவட்டத்தில் நிறையப் பேர்.

அதுபோல, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் இருப்பதே பல பெற்றோருக்குத் தேர்வு நெருங்கும்போதுதான் தெரிகிறது. கல்வியாண்டுத் தொடக்கத்திலேயே எல்லாப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் சொல்லுங்கள். எந்த வயதில் மறுபடி சோதித்துச் சான்று புதுப்பிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

பெற்றோரின் பயமும் உண்மையானது. "மாற்றுத்திறனாளி கார்டு எடுத்தா நாளைக்குப் பிள்ளைக்குக் கல்யாணம் எப்பிடி நடக்கும் டீச்சர்?" என்று ஒரு அம்மா என்னிடம் அழுதிருக்கிறார். அவருடையது பெண் பிள்ளை. பையன்கள் வகுப்பில் ரகளை செய்வதால் யாராவது கவனிக்கிறார்கள். பெண் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து முத்து முத்தாக எழுதி எடுத்துவிட்டு, அமைதியாக இருந்துவிடுகிறார்கள். எழுதியதை வாசிக்கச் சொன்னால்தான் தெரியும். வகுப்பறை உதவிக்கு அட்டை எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, சோதனை விவரம் ரகசியமாக இருக்கும் என்று மாவட்ட நிர்வாகமே தன் வாயால் சொன்னால், அந்த அம்மா நாளைக்கே பிள்ளையைக் கூட்டி வருவார்.

என் மகன் இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் சிறப்பாசிரியையிடம் படிக்கிறான். தாம்பாளத்தில் மணல் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே ஒலியை உரக்கச் சொல்ல வேண்டும். கண், காது, விரல், நாக்கு நான்கும் ஒன்றாக வேலை செய்ய வேண்டுமாம். அதைப் பார்த்த என் மாமனார், "ஆசான் பள்ளிக்கூடத்துல எங்களுக்கு இப்பிடித்தானே சொல்லித் தந்தாவ" என்றார். திண்ணைப் பள்ளிக் காலத்து மணலைத்தான் இப்போது பயிற்சி பெற்றவர்கள் ஒழுங்குமுறையோடு திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள் போலும். ஒரு எழுத்து நன்றாகப் பதிந்த பிறகுதான் அடுத்த எழுத்து. மெதுவாகத்தான் நடக்கிறது. போன மாதம் ஒரு பஸ்ஸின் பெயர்ப்பலகையை, "குலசேகரம்" என்று நிறுத்தாமல் வாசித்தான். சில ராத்திரி அவன் அப்பாவும் அந்தத் தாம்பாளத்தின் முன்னால் வந்து உட்காருகிறார். நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து திரும்பிய வாரம், பரணில் கிடந்த பழைய நோட்டுக் கட்டை இறக்கிப் பார்த்தேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் என்னிடம் படித்த ஒரு பையனின் நோட்டு கிடைத்தது. அதே 'பளளி'. அதே விட்டுப்போன துணைக்கால்கள். ஒவ்வொன்றின் மேலும் என் சிவப்பு மை. பக்கத்தின் அடியில், "10 தடவை எழுது" என்று என் கையெழுத்து. அந்தப் பையன் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டான். இப்போது கொல்லத்தில் கான்கிரீட் வேலை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது வழியில் பார்த்து, "சுகமா டீச்சர்?" என்று சிரித்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை.

வருகிற திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு வருகிறேன். அந்தப் பையனின் நோட்டையும் என் மகனின் நோட்டையும் கொண்டுவருகிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க உங்களுக்குப் பத்து நிமிடம் போதும்.

இப்படிக்கு,
டியூஷன் டீச்சர் ஒருத்தி,
திருவட்டாறு வட்டாரம்,
கன்னியாகுமரி மாவட்டம்.